எபிசோட் 23: பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வகுத்தல் கணக்கு

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "அரசாங்கம் சொல்ற கோடிக்கணக்கை எல்லாம் எப்படிப்பா நம்புறது?" நம்பவும் வேண்டாம், நம்பாம இருக்கவும் வேண்டாம். போன்ல கால்குலேட்டர் இருக்கு இல்ல, அதை எடுங்க. இன்னைக்குத் தமிழ்நாடு பட்ஜெட்டை வெச்சே பார்ப்போம்.

2023 மார்ச்ல இருந்து ஆரம்பிக்கிறேன். குடும்பத் தலைவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிறதுக்கு அந்த வருஷ பட்ஜெட்ல 7,000 கோடி ஒதுக்கினாங்க. செப்டம்பர் 15-ல தொடங்கும்னு தேதியும் சொல்லிட்டாங்க. செப்டம்பர்ல இருந்து மார்ச் வரை ஏழு மாசம். அப்போ ஒருத்தருக்கு 7,000 ரூபாய். 7,000 கோடியை 7,000-ஆல வகுத்தா சரியா ஒரு கோடிப் பேர். தமிழ்நாட்டுல ரேஷன் கார்டு 2 கோடிக்கும் மேல. அதாவது விண்ணப்பம் அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே, பாதிக் குடும்பத்துக்குப் பணம் வராதுங்கிறது அந்த ஒத்தை எண்ணுக்குள்ள உட்கார்ந்திருந்தது. "தகுதி வாய்ந்த"ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு டிவியில விவாதம் நடந்துட்டு இருந்தப்போ, விடை பட்ஜெட் உரையிலேயே இருந்தது.

இப்போ 2025-26-க்கு வாங்க. அதே திட்டத்துக்கு 13,807 கோடி. வருஷத்துக்கு ஒருத்தருக்கு 12,000. வகுத்துப் பாருங்க, ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் பேர். அந்த பட்ஜெட் சமயத்துல அரசு சொன்ன எண்ணிக்கையும் அதுதான். இந்தக் கணக்கு நேராப் பொருந்துது, அதையும் சொல்லணும். குறை கண்டுபிடிக்க மட்டும் கால்குலேட்டரை எடுத்தா அது அரசியல், கணக்கு இல்ல.

சரி, பணம் எங்கிருந்து வருது? 2025-26 மதிப்பீட்டின்படி மாநிலத்தோட மொத்த வருவாய் 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. நடுவுல 41,635 கோடி துண்டு விழுது. வருவாய்ல பெரும்பகுதி, அதாவது 2,20,895 கோடி, மாநிலத்தோட சொந்த வரி.

இங்க எல்லாரும் தேடுற வரி டாஸ்மாக். பட்ஜெட் பிடிஎஃப்ல 'ஆயத்தீர்வை'ங்கிற வரியைப் பார்த்துட்டு "இவ்வளவுதானா?"ன்னு கேட்கிறவங்களை நிறையப் பார்க்கிறேன். அது முழுக் கதை இல்ல. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பழைய மதிப்புக் கூட்டு வரிதான். அதனால டாஸ்மாக் பணம் ரெண்டு இடத்துல பிரிஞ்சு கிடக்கும். 2024-25-ல ஆயத்தீர்வையா வந்தது 11,020 கோடி. மதிப்புக் கூட்டு வரியா வந்தது 37,324 கோடி, இது வணிகவரி கணக்குல போய்ச் சேரும். கூட்டினா 48,344 கோடி. யாரும் ஒளிச்சு வைக்கல. கணக்கு வைக்கிற முறையே அப்படி. ஆனா ஒரு வரியை மட்டும் பார்த்துட்டுப் போறவருக்கு முக்கால்வாசி கண்ணுல படாது.

ஏற்றுமதி பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தமிழ்நாட்டோட மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24-ல 956 கோடி டாலர், அடுத்த வருஷம் 1,465 கோடி டாலர். பெரிய வளர்ச்சிதான், சந்தேகமே இல்ல. ஆனா "அப்போ கஜானா நிரம்பிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நிறுத்துங்க. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ஜியம். மூலப்பொருளுக்குக் கட்டின வரியையும் திருப்பி வாங்கிக்கலாம். ஜிஎஸ்டி, பொருள் எங்க செலவாகுதோ அந்த மாநிலத்துக்குப் போற வரி. ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்ச போன் அமெரிக்கா போனா அதுல வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. அந்தச் சம்பளத்தை இங்க செலவு பண்ணும்போதுதான் வரி வருது.

கடைசியா வீடு. எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்துல சமவெளிப் பகுதியில ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 2016-ல வெச்ச தொகை. 2024-ல திட்டத்தை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிச்சப்பவும் அதே தொகைதான். இதுல மத்திய அரசு 72,000, மாநிலம் 48,000. கூரை போட மாநிலம் தனியா 1,20,000 சேர்க்குது. மொத்தம் 2,40,000. வீட்டோட குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. சதுர அடிக்கு 892 ரூபாய். கூரைப் பணம் இல்லாமப் பார்த்தா 446 ரூபாய்!

மாநிலத்தோட கலைஞர் கனவு இல்லம்: 2024-25-ல ஒரு லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி. வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி. சதுர அடிக்கு 972 ரூபாய். இப்போ உங்க ஊர் மேஸ்திரிகிட்ட சதுர அடி என்ன ரேட்னு கேளுங்க. அவர் சொல்ற ரேட்டுக்கும் 972-க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி எந்த அரசுப் புள்ளிவிவரத்துலயும் வராது. அது நகை அடகு, குழுக் கடன், கைமாத்து. லிண்டல் மட்டத்தோட நிக்கிற வீடுகளை ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீங்க. தவணைப் பணம் கட்டுமான நிலையைப் பொறுத்துதான் வரும். கைக்காசு இல்லாம அடுத்த நிலைக்குப் போக முடியலன்னா அடுத்த தவணையும் வராது.

அதனால வீட்டு எண்ணிக்கை எங்க பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: அனுமதிச்ச வீடா, கட்டி முடிச்ச வீடா? ஒதுக்கின பணமா, செலவான பணமா? இதுக்குப் பட்ஜெட் புத்தகத்துலயே வழி இருக்கு. 2025-26 புத்தகத்தைத் திறந்தா நாலு கட்டம் இருக்கும்: 2023-24 கணக்கு, 2024-25 மதிப்பீடு, அதே வருஷத்தோட திருத்த மதிப்பீடு, அப்புறம் 2025-26 மதிப்பீடு. தலைப்புச் செய்தி ஆகிறது கடைசிக் கட்டம். உண்மையில செலவானது முதல் கட்டம். அதைப் படிக்கத்தான் ஆளே இல்ல.

உங்க மாவட்டத்துல வீட்டுத் திட்டத்துல கட்டினவங்க யாராவது இருந்தா, மொத்தம் எவ்வளவு செலவாச்சு, கடன் எவ்வளவுன்னு கேட்டு குரல் பதிவா அனுப்புங்க. பெயர் வேண்டாம், எண் போதும். அடுத்த எபிசோட்ல மின்வாரியக் கடன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டு வெச்சுட்டு வாங்க.