பேறுகால உதவித்தொகையும் மருத்துவரின் கடமையும்



ஏழைத் தாய் மருத்துவமனைக்கு வராததற்கு அறியாமையே காரணம் என்று படித்தவர்கள் எண்ணுவதுண்டு. ஆனால் ஒரு நாள் கூலி இழப்பு, வண்டிச் செலவு, வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை ஆகியவையே பெரும்பாலும் அவளைத் தடுக்கின்றன. பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி போன்ற குறிப்பிட்ட சேவையைப் பெறுவோருக்குப் பணம் வழங்கும் ‘நிபந்தனையுடன் கூடிய பண உதவி’ என்னும் முறை இத்தடையை நீக்கவே உருவானது. மெக்சிகோ 1997இல் இதனைப் பெரிய அளவில் தொடங்கியது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அதற்கும் முந்தியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் அத்தொகை, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, 18,000 ரூபாயாக வளர்ந்தது.

2005இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா திட்டம், மருத்துவமனைப் பிரசவம் குறைவாக இருந்த மாநிலங்களின் கிராமப்புறத் தாய்க்கு 1,400 ரூபாயும், அவளை அழைத்துவரும் ‘ஆஷா’ என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளருக்கு 600 ரூபாயும் அளித்தது. 2005-06இல் நூற்றுக்கு 39ஆக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2015-16இல் 79ஆக உயர்ந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அத்திட்டம் தாய் இறப்பை எவ்வளவு குறைத்தது என்பதை நிறுவ ஆய்வாளர்களால் எளிதில் இயலவில்லை.

உதவி மட்டும் போதாது, சேவையும் தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதை ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்கள் உணர்த்துகின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, வழக்கமான சேவை மட்டுமே இருந்த ஊர்களில் நூற்றுக்கு 6 குழந்தைகளே முழுத் தடுப்பூசி பெற்றிருந்தனர்; மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் அது 18ஆகவும், முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்ததும் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39ஆகவும் உயர்ந்தது. செவிலியர் சொன்ன நாளில் வந்து அமர்ந்ததே மூன்று மடங்கு பலன் தந்தது; பருப்பு அதனை இரு மடங்காக்கியது. செவிலியர் வராத ஊரில் பருப்பு மட்டும் இருந்து பயனில்லை.

பிரசவ அறைக்கும் இதுவே பொருந்தும். பேற்றுக்குப் பிந்தைய உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி, 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்கப்பட்டு, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் போடப்பட வேண்டும். குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்தால், உதவித்தொகையை நம்பி வந்த தாய்க்கு அத்தொகையால் உயிர்ப் பாதுகாப்பு கிடைக்காது.

பணம் தாயை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவரும். அதற்குமேல் அவளைக் காப்பது அங்கே பணியில் இருப்பவரின் பொறுப்பு. ஆகவே இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர், செவிலியர் ஒவ்வொருவரும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்த்தப்பட்டாலும், குறித்த நேரத்தில் அங்கே இருப்பதையே தம் முதல் மருத்துவமாகக் கொள்ள வேண்டும்.