வாடகை மென்பொருளும் நடுவில் நிற்கும் முகவரும்



கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் சேலைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடை வாடகை எவ்வளவு என்று உடனே சொல்வார்கள். மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்று சொல்வார்கள். மென்பொருளுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று கேட்டால், "அதெல்லாம் அந்தத் தம்பி பார்த்துக்கொள்வார்" என்பார்கள்.

அந்தத் தம்பிதான் இன்றைய பேச்சின் நாயகன். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் உரிமங்களை வாங்கி, சிறு வணிகர்களுக்கு மாதச் சந்தாவாக விற்கும் மறுவிற்பனை முகவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தொழிலில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர், ஒரு மாடி அறை, ஒரு கைப்பேசி. தொழில் ஆரம்பிக்க அது போதும். நிலைத்து நிற்க இன்னொன்றும் வேண்டும்: ஒழுங்கான ஒப்பந்தம்.

ஒரு காலத்தில் மென்பொருள் என்றால் குறுந்தட்டு. பெட்டியில் வரும், காசு கொடுத்தால் முடிந்தது கதை. இம்பி வட்டாரத்தில் சில வெள்ளிக்குத் திருட்டுத் தட்டு வாங்கிப் போட்டவர்களும் உண்டு. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு திருட்டு நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இப்போது தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. மென்பொருள் எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. நீங்கள் அதை வாடகைக்கு எடுக்கிறீர்கள். இதைத்தான் மேகக் கணிமை என்கிறார்கள். 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக மின் விலைப்பட்டியல் முறை அமலுக்கு வந்த பிறகு, நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிய கடைகள்கூட இந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

வாடகை என்றால் வாடகை ஒப்பந்தம் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே மூன்று ஒப்பந்தங்கள் இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் ஒன்று. மொத்த விநியோகஸ்தருக்கும் முகவருக்கும் ஒன்று. இந்த இரண்டும் பக்கம் பக்கமாக, வழக்கறிஞர்கள் உட்கார்ந்து எழுதியவை. மூன்றாவது, முகவருக்கும் கடைக்காரருக்கும் இடையே இருக்க வேண்டியது. அது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி. "அண்ணே, 20 பேருக்கு இவ்வளவு, ஓகேவா?" "ஓகே தம்பி." அவ்வளவுதான். தொல்லை முழுவதும் இந்த மூன்றாவது தாளில், அதாவது இல்லாத தாளில் இருக்கிறது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அது தன் முகவர் விற்பனை முறையை மாற்றியது. ஓராண்டுக்கு உறுதி கொடுத்தால் ஒரு விலை. மாதா மாதம் விலகும் உரிமை வேண்டுமென்றால் 20 விழுக்காடு கூடுதல். 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' என்ற உரிமத்துக்கு அப்போதைய அமெரிக்கப் பட்டியல் விலை, ஆண்டு உறுதியில் ஒருவருக்கு மாதம் 12.50 டாலர், மாத முறையில் 15 டாலர். ஆண்டு உறுதி கொடுத்தவர் நடுவில் ஆட்களைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மனம் மாறினால் ரத்து செய்ய முதல் 7 நாள் மட்டுமே அவகாசம்.

ஒரு சேலைக்கடையில் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 6 பேர் தீபாவளிக்காக மூன்று மாதத்துக்கு எடுத்தவர்கள். எல்லாருக்கும் ஆண்டு உறுதியில் உரிமம் வாங்கிக் கொடுத்தாயிற்று. தீபாவளி முடிந்ததும் முதலாளி அழைக்கிறார்.

"தம்பி, ஆறு பேர் நின்னுட்டாங்க. அடுத்த மாசத்திலிருந்து பதினாலு பேருக்கு மட்டும் பில் போடுங்க."

"அண்ணே, அது ஒரு வருஷத்துக்கு எடுத்தது. குறைக்க முடியாதுங்க."

"அதை நீங்க முன்னாடியே சொல்லலையே!"

முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் விநியோகஸ்தரின் பில் முகவரின் பெயரில்தான் வரும். முதலாளி கட்டவில்லை என்றாலும் முகவர் கட்டியாக வேண்டும். கோபத்தில் அந்த உரிமங்களை முடக்கிவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது. முடக்கினாலும் தவணை முடியும் வரை கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அதே கடைக்கு நிரந்தரமான 14 பேருக்கு ஆண்டு உறுதி, தற்காலிகமான 6 பேருக்கு மாத முறை என்று பிரித்திருந்தால் என்ன ஆகும்? 14 பேருக்கு ஓராண்டுக்கு 2,100 டாலர். 6 பேருக்கு மூன்று மாதத்துக்கு, கூடுதல் விலையிலேயே, 270 டாலர். மொத்தம் 2,370. எல்லாரையும் ஆண்டு உறுதியில் போட்டிருந்தால் 3,000. விலை அதிகமான முறையைக் கலந்து வாங்கியதால் 630 டாலர் மிச்சம்! இதைச் செய்ய ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இதில் எத்தனை பேர் அடுத்த சித்திரைக்கும் இருப்பார்கள்?" முகவரின் திறமை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மலிவு விலையைக் காட்டி கையொப்பம் வாங்குவது யாராலும் முடியும்.

அடுத்தது நாணய மாற்று. இதில்தான் பல சிறிய முகவர்கள் இலாபத்தைத் தொலைக்கிறார்கள். 2023 ஜனவரி இறுதியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.25 வெள்ளி. அதே ஆண்டு அக்டோபரில் 4.78 வரை போனது. 20 பேருக்கு மாதம் 250 டாலர் என்றால், ஜனவரியில் அடக்க விலை 1,062 வெள்ளி 50 காசு. முகவர் 10 விழுக்காடு இலாபம் வைத்து 1,168 வெள்ளி 75 காசு என்று ஓராண்டுக்கு நிலையான விலை எழுதிக் கொடுக்கிறார். விநியோகஸ்தரோ அந்தந்த மாத மாற்று விலையில் பில் போடுகிறார். அக்டோபரில் அடக்கமே 1,195 வெள்ளி. இலாபம் போனது மட்டுமல்ல, மாதம் 26 வெள்ளி கைக்காசு போகிறது. ஒரு கடைக்கு 26 வெள்ளி என்றால் சிரித்துவிடலாம். நாற்பது கடை இருந்தால்?

2024 பிப்ரவரியில் வெள்ளி 4.80 வரை சரிந்து, 1998 நெருக்கடிக்குப் பிறகு காணாத நிலையைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12க்கு மீண்டது. அப்போது நிலைமை தலைகீழ். 4.75இல் விலை எழுதி வாங்கிய முகவருக்குத் திடீர் இலாபம். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் குறைந்த விலைக்கு வாங்கியதைக் கேள்விப்பட்ட வாடிக்கையாளர், "என்னை ஏமாற்றிவிட்டாயே" என்கிறார். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: இந்த விலை இந்த மாற்று விகிதத்தில் கணக்கிடப்பட்டது, விகிதம் இத்தனை விழுக்காடு ஏறினாலோ இறங்கினாலோ விலை திருத்தப்படும். ஏறினால் மட்டும் என்று எழுதினால் அது வியாபாரம் ஆகாது, வேறு பெயர் அதற்கு.

வரியையும் மறக்கக் கூடாது. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. வரிக்குப் பதிவு பெற்ற ஒரு முகவர், வரி உட்பட மாதம் 1,060 வெள்ளி என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்திருந்தால், முன்பு கையில் நின்ற 1,000 வெள்ளி 981 வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. "வரி தனி" என்ற இரண்டே சொற்கள் அந்த 19 வெள்ளியைக் காப்பாற்றியிருக்கும்.

மென்பொருள் நிறுவனமே ஆட்டத்தின் விதியை மாற்றும்போது என்ன செய்வது? 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு முறை பணம் கட்டினால் காலத்துக்கும் சொந்தம் என்ற உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. உலகம் முழுவதும் முகவர்கள் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். மைக்ரோசாப்டும் 2025 ஏப்ரல் முதல், ஆண்டு உறுதி கொடுத்துவிட்டு மாதா மாதம் பணம் கட்டுபவர்களுக்கு விலையை 5 விழுக்காடு கூட்டியது. முழு ஆண்டுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் அந்த 5 விழுக்காடு இல்லை. ஆனால் அந்தப் பணத்தை யார் முன்கூட்டிப் போடுவது? கடைக்காரர் மாதம்தான் தருவேன் என்கிறார். முகவர் தன் கைப்பணத்தைப் போட்டால் அவர் முகவராக இல்லை, வட்டியில்லாக் கடன் கொடுப்பவராகிவிட்டார்.

"அமேசானும் மைக்ரோசாப்டும் மலேசியாவிலேயே தரவு மையம் திறந்துவிட்டனவே, இனி விலை குறையாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் திறந்தது உண்மைதான். தரவு மையம் பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும், தரவு நாட்டுக்குள்ளேயே இருக்கும். உரிம விலை அதனால் மட்டும் குறைந்துவிடாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகவரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? முகவரை மாற்ற நினைத்தால் மின்னஞ்சலும் கணக்குகளும் எப்படிக் கைக்கு வரும்? இதை எழுதி வாங்குங்கள். நல்ல முகவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியாக, புதுப்பிக்கும் தேதி. ஆண்டு உறுதி முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும். மாற்றுவதற்கு அந்த 7 நாள்தான். விடுமுறை நாளும் அதில் சேர்த்தி. ஒரு மாதத்துக்கு முன்பே கடைக்குப் போய் ஆள் கணக்கை எடுத்து, கையொப்பம் வாங்கி வைக்காத முகவருக்கு, அந்த 7 நாள் சீனப் பெருநாளில் வந்து விழுந்தால், கடை திறப்பதற்குள் கெடு முடிந்து இன்னோர் ஆண்டுக்கான பில் வந்திருக்கும்.