உப்புநீர்த் தொட்டிக்கு ஏற்ற கல்

தருமபுரியில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். எங்கள் ஊரிலிருந்து கடலலையைக் காண ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகவேண்டும். ஒகேனக்கலில் காவிரி பாறைகளின் மீது மோதி எழுப்பும் முழக்கமே எங்களுக்குத் தெரிந்த பேரலை. ஆயினும், கல்லைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்தாருக்கு ஓரளவு உரிமை உண்டு. வயல் வரப்பிலும் கிணற்றடியிலும் வீட்டு வாசலிலும் கல்லோடு வாழ்கிறவர்கள் நாங்கள்.

கல் சும்மா கிடக்கும் பொருள் அன்று. அது தண்ணீரோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கிறது. இதனை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் பற்களிலுள்ள பழுப்புக் கறையே அதற்குச் சாட்சி. எங்கள் பகுதிப் பாறைகளிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, அந்த நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகளின் பல்லிலும் எலும்பிலும் தங்கிவிட்டது. அதனால்தானே காவிரி நீரைக் குழாய்வழி கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் செயலுக்கு வந்தது! ஆகவே, ஒரு கல்லைத் தண்ணீரில் இடும்போது அது எதைக் கொடுக்கும், எதை வாங்கும் என்று கேட்பது எங்களுக்கு இயல்பான கேள்வி.

நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடலின் ஒரு துளியையாவது காட்டவேண்டும் என்ற ஆசையால் ஓர் உப்புநீர்த் தொட்டி அமைக்க முனைந்தேன். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை சேர்த்து நீரை ஆயத்தம் செய்தாயிற்று. சமையலுப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் மக்னீசியம், சுண்ணகம் முதலிய வேறு பல உப்புக்களும் உண்டு. எஞ்சியது கல் ஒன்றுதான்.

அப்போது ஒரு மாணவன் காகிதத்தில் பொதிந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். அது கிளைகிளையாக விரிந்த வெண்பவளம். இராமநாதபுரம் பக்கத்தில் வேலை செய்த அவனுடைய மாமா அனுப்பியதாம். தொட்டிக்கு அதைவிடச் சிறந்த கல் இல்லை என்பது உண்மை. உலகெங்கும் இத்தொட்டி வைப்போர் விரும்பித் தேடும் 'உயிர்க்கல்' என்பதே பவளப் பாறையின் துண்டுதான். ஆனால் அதை நான் ஏற்க இயலவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு.

"ஐயா, இது செத்த பவளந்தானே?" என்று கேட்டான் பையன்.

செத்ததாயினும் சட்டம் ஒன்றே என்றேன். மன்னார் வளைகுடாவின் கதையையும் சொன்னேன். அங்கே 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக, அலையைத் தடுக்கும் அரண் அழிந்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. பையன் ஒன்றும் பேசாமல் பவளத்தை மீண்டும் பொதிந்துகொண்டு போனான். அவன் முகம் வாடியதை நான் கண்டேன். அவனுக்கு ஈடாக ஏதேனும் செய்துகாட்ட வேண்டும் என்ற வேகத்தில்தான் அடுத்த பிழையைச் செய்தேன்.

எங்கள் மலைக்கல்லையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். பளபளக்கும் கற்களை முதலில் விலக்கினேன். பொன்னிறமாக மின்னுவது பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதனோடு செம்பு கலந்திருந்தால் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. அரூர்ப் பக்கத்துப் பாறைகளிலோ மாலிப்டினமே இருக்கிறது. அடுத்து, கருங்கல் மீது காடியைச் சொட்டிப் பார்த்தேன், அது அசையவில்லை. ஒகேனக்கல் பக்கத்திலிருந்து கிடைத்த ஒரு வெளிறிய கல்லின் பொடியில் சொட்டியதும் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக் கல்! கடலுக்கு உகந்தது என்று மகிழ்ந்துபோனேன்.

அந்தக் கல்லின் வரலாறு விந்தையானது. சாதாரணச் சுண்ணாம்புக் கல் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டாவது. ஒகேனக்கல் கல்லோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து உறைந்தது, கார்பனடைட் என்பர். அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். சுண்ணாம்போடு பாஸ்பேட் அடங்கிய அபடைட் முதலிய கனிமங்களும் அதில் விரவியிருக்கும். நுரை வந்ததென்றால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். வேறு என்னென்ன இருக்கின்றன என்பதை நுரை சொல்லாது. அதைக்காட்டிலும் பெரிய விஷயம் ஒன்றை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை: அந்தக் கல் கெட்டியானது.

கல்லை அடுக்கிய ஒரு வாரத்திலேயே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். அவை கடலிலிருந்து பிடித்தவை அல்ல. பண்ணையில் பொரித்து வளர்த்தவை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் முதலிய இடங்களில் அந்தக் கலை கைவந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சிரைத்தன. மறுநாட் காலை இரண்டும் மாண்டு கிடந்தன. நீரைச் சோதித்தால் அம்மோனியா மிகுந்திருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க இயலவில்லை.

உயிர்க்கல்லின் உயிர் அதன் பொந்துகளில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. காற்றுப்படும் மேற்புறத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உட்பொந்துகளில் வாழும் வேறொரு வகை, அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றுகிறது. கெட்டிக் கல்லில் இவற்றுக்குக் குடியிருக்க இடம் ஏது? கல்லைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டியது, 'நுரைக்கிறதா?' என்பதன்று, 'துளை உண்டா?' என்பதே. பொந்து நிறைந்த கல்லாயினும், நுண்ணுயிர்கள் குடியேறப் பல வாரங்கள் பிடிக்கும். ஒரு வாரத்தில் மீனை விட்டது என் அவசரம்.

ஆகவே கல்லைத் தேடுவதை விட்டுக் கல்லைச் செய்தோம். நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணைகள் மிகுதி. முட்டையின் ஓடு உறுதிப்படக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் கிளிஞ்சல் நொறுங்கு எளிதில் கிடைக்கும். அதில் இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு, சிமெண்டு ஒரு பங்கு. நீரை மிகச் சிக்கனமாகத் தெளித்துப் பிசைந்து, ஈரமணலில் குழிதோண்டிக் கைபோன போக்கில் வார்த்தோம். இறுகியபின் நன்னீரில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து, அது இருந்த இடமெல்லாம் பொந்தாகிவிடுகிறது. சிமெண்டின் காரம் போகும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. கடல்நீரின் காரநிலை 8.2 அளவில் நிற்பது. ஊறும் நீர் அந்த அளவுக்கு இறங்கிய பிறகே கல்லைத் தொட்டியில் இட்டோம். அதன்பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் மீனின்றி வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பிள்ளைகளே அட்டவணையில் குறித்தார்கள்.

தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கவும் துளையிட்ட கான்கிரீட் அமைப்புக்களையே கடலடியில் இறக்கியிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். கடலே சிமெண்டை ஏற்கிறது என்றால் எங்கள் தொட்டிக்கு என்ன குறை?

கல் பார்வைக்கு அழகாயில்லை. பழைய சுவரின் இடிபாடு போலத்தான் இருந்தது. பவளம் கொண்டுவந்த பையன்தான் அதற்குக் காவலன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அவன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஓடிவந்து என்னை அழைத்துப்போனான். புதிதாக வந்த நத்தையின் ஓட்டோடு ஒட்டி வந்ததோ என்னவோ, சிமெண்டின் மீது மிளகளவில் ஓர் இளஞ்சிவப்புத் திட்டு. சுண்ணாம்பைத் தன் உடலில் படியவைக்கும் கடற்பாசி அது. அன்று மாலையே அவன் அதைச் சுற்றிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மையால் ஒரு வட்டம் வரைந்து, தேதியும் எழுதி வைத்தான். அடுத்த மாதம் அந்தத் திட்டு வட்டத்தைத் தாண்டியிருந்தது.