மான் உரோமமும் மிதக்கும் ஈயும்



கொழும்பு மாநகரின் வடக்கே, களனி கங்கையைக் கடந்ததும் பேலியகொடை வருகின்றது. ஊர் உறங்கும் வேளையிலே அங்குள்ள மத்திய மீன் சந்தை விழித்துக்கொள்கின்றது. நீர்கொழும்பு, சிலாபம், மாத்தறை முதலிய கரையோரப் பட்டினங்களிலிருந்து பாரவண்டிகள் வந்து சேர்கின்றன. அறக்குளா, பாரை, சூரை, சாளை என மீன்கள் குவியல் குவியலாக நிறுக்கப்படுகின்றன. அங்கே மீன் என்றால் எடை. எடை என்றால் விலை. விடிந்து வெயில் ஏறுமுன் அவை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கறிச்சட்டியை நாடிப் புறப்பட்டு விடுகின்றன.

இத்தகைய நாட்டிலிருந்து, ஒரே ஒரு மீனை ஒரே ஒரு முறை ஏமாற்றுவதற்கென்று ஒரு சிறு பொருள் கடல் கடந்து செல்கின்றது என்றால் வியப்பாக இருக்கும். அதுதான் தூண்டில் ஈ. உயிருள்ள ஈ அன்று. தூண்டில் முள்ளின்மேல் நூலாலும் இறகாலும் உரோமத்தாலும் கட்டப்படும் பொய் ஈ. ட்ரவுட், சமன் ஆகிய குளிர்நீர் மீன்களைப் பிடிக்க மேலை நாட்டார் விரும்பி வாங்கும் இந்த ஈக்களுள் பல, இலங்கைப் பெண்களின் விரல்களிற் பிறந்தவை.

சமன் என்றவுடன் கடைத்தெருவில் வாங்கும் தகரப் பேணி நினைவுக்கு வரலாம். "சமன் டின்" என்று நம்மவர் கேட்டு வாங்குவதில் அடைபட்டிருப்பது பெரும்பாலும் வேறு இன மீனே. உண்மையான சமன், ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் பிறந்த ஆற்றையே தேடி வருவது.

சூதிலே கிட்டும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அங்கே முள்ளை மறைக்க இரை உண்டு. ஈ கட்டும் கலையிலோ இரையே இல்லை. இரையின் தோற்றம் மட்டுமே உண்டு. இது புதிய தந்திரமும் அன்று. மக்கெதோனிய நாட்டு ஆற்றிலே, முள்ளில் செந்நிறக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்தார்கள் என்று, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்னும் உரோம நாட்டு அறிஞர் எழுதி வைத்துள்ளார்.

ஈக்கள் இருவகைப்படும். நீருள் அமிழ்ந்து செல்வது ஒன்று. நீர்ப்பரப்பின்மேல் மிதந்து செல்வது மற்றொன்று. பின்னதையே உலர் ஈ என்பர். 1886ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஹால்போர்டு என்னும் ஆங்கிலேயர், மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. ஆனால் இரும்பு முள் மிதக்குமா? அதனைத் தாங்கும் தெப்பம் ஒன்று வேண்டும். அந்தத் தெப்பமே மானின் உரோமம்.

குளிர்நாட்டு மானுக்கு இயற்கை ஒரு போர்வை அளித்திருக்கின்றது. அதன் மாரிக்கால உரோமம் ஒவ்வொன்றின் உள்ளும் காற்று நிறைந்த நுண்ணறைகள் அடுக்கடுக்காக உள்ளன. மானுக்கு அக்காற்று குளிரைத் தடுக்கும் சுவர். ஈ கட்டுபவருக்கோ அதுவே மிதவை.

கட்டும் முறையைக் கேளுங்கள். மேசை விளிம்பிலுள்ள சிறு பிடிகருவியின் வாயில் முள்ளைப் பொருத்துவர். பதப்படுத்திய தோலிலிருந்து, பென்சில் பருமனுள்ள ஒரு கற்றை உரோமத்தை அடியோடு ஒட்ட நறுக்குவர். அடியிலே படர்ந்திருக்கும் மென்பஞ்சைச் சீப்பினால் வாரி நீக்குவர். இது தவறினால் மற்றவை அனைத்தும் தவறும். பஞ்சு நீரை உறிஞ்சும், உரோமமும் விரியாது. பின்னர் சிறு குழாயொன்றில் நுனி கீழாக இட்டு மேசையிலே தட்ட, நுனிகள் யாவும் ஒரே மட்டத்திற்கு வந்துவிடும்.

இனித்தான் கைத்திறன். கற்றையை முள்ளின் தண்டின்மேல் வைத்து, இறுக்காமல் இரண்டு சுற்று நூல் சுற்றுவர். பிறகு மெல்ல மெல்ல நூலை இழுத்து இறுக்குவர். காற்றறைகள் நசுங்க, உரோமம் பக்கவாட்டில் விரிந்து நிமிரும். அக்கணத்தில் இடக்கை விரல்களைத் தளர்த்தினால், கற்றை தானாகவே சுழன்று தண்டைச் சுற்றிப் பரவும். சற்று முன் தளர்த்தினால் கற்றை சிதறும். சற்றுப் பின் தளர்த்தினால் ஒருபுறமே குவிந்து நிற்கும். நூலை மிகுதியாக இழுத்தால் அறும். குறைவாக இழுத்தால் ஈயின் உடல் தண்டிலே வழுக்கிச் சுழலும். இந்த அளவை நூலில் எழுதிக் கற்பிக்க இயலாது. விரல்தான் கற்க வேண்டும். விரல்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

ஒரு கற்றையைப் பின்னோக்கி நெருக்கித் தள்ளி, அடுத்த கற்றையைக் கட்டுவர். முள் நிறைந்ததும் அது ஒரு முட்புதர் போலக் காட்சியளிக்கும். அதனைக் கத்தரியாலும் சவர அலகாலும் செதுக்கி உருவம் கொடுப்பர். இறுதியில் முடிச்சிட்டு, ஒரு துளி வார்னிஷ் வைத்தால் ஈ ஆயத்தம்.

கானடாவின் மிரமிச்சி ஆற்றிலே சமன் பிடிக்கப் புகழ்பெற்ற "பொம்பர்" என்னும் ஈ இவ்வாறு செதுக்கப்பட்டதே. ஆற்றுக்குள் திரும்பிய அட்லாந்திக் சமன் உணவு கொள்வதில்லை. ஆயினும் மிதந்துவரும் இந்த ஈயைப் பாய்ந்து கவ்வுகின்றது. சினத்தாலா, இளமையில் ஈக்களை உண்ட பழக்கத்தாலா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

இக்கலைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பழைய சமன் ஈக்களுக்கு அழகு சேர்த்தது, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அதற்காக அப்பறவை பெருந்தொகையாக வேட்டையாடப்பட்டது. பின்னர் இந்தியா சட்டத்தால் அதனைக் காத்தது. இலங்கையின் மரைக்கும் புள்ளிமானுக்கும், 1937இல் பிறந்து பின்னர் பலமுறை திருத்தப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவலாக நிற்கின்றது. ஆகவே இங்கே கட்டப்படும் ஈக்களுக்குரிய உரோமம் குளிர்நாடுகளிலிருந்து வந்து, ஈயாக மாறி, மீண்டும் அந்நாடுகளுக்கே செல்கின்றது.

மீனும் அப்படிப் பயணம் செய்தது உண்டு. 1880களில் ஆங்கிலேயர் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியாப் பகுதி நீர்நிலைகளில் வளர்க்க முயன்றனர். பின்னர் வந்த வானவில் ட்ரவுட், ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலே நிலைபெற்றது. துரைமார் ஓய்வுநாளில் தூண்டில் வீச அது பயன்பட்டது. ஆனால் அவ்வோடைகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கின்றது. அதற்கு அமைந்த ஆபத்துக்களுள் வந்தேறிய ட்ரவுட்டும் ஒன்றென இயற்கை ஆய்வாளர் கூறுகின்றனர். 1988இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. ஒருவருடைய பொழுதுபோக்கு, வாயில்லா மற்றோர் உயிரின் வாழ்வுக்கே கேடாகலாம் என்பதற்கு அந்த இறால் சான்று. அச்சமவெளியில் ஊறும் நீரின் ஒரு பகுதியே களனி கங்கையாகிப் பேலியகொடையை அணைத்துக் கடலுட் செல்கின்றது.

நிறைவாக, ஈ கட்டும் கைகளைப் பற்றி ஒரு சொல். நல்ல ஈக்கள் அவற்றை முதலில் வகுத்தவர் பெயரோடு நினைக்கப்படுகின்றன. 1930களில் மான் உரோமத் தலையுடன் "மட்லர்" என்னும் ஈயைக் கட்டியவர் டொன் கேப்பன். 1957இல் எல்க் மானின் உரோமத்தைச் சிறகாக வைத்து ஓர் உலர் ஈயை அமைத்தவர் அல் ட்ரோத். தூண்டிற்காரர் இப்பெயர்களை மரியாதையுடன் உச்சரிக்கின்றனர். அது தகும். ஆனால் அவர்கள் வகுத்த ஈயை, ஒன்றுக்கொன்று மயிரிழையும் மாறாமல், நாள்தோறும் கட்டித் தரும் பெண்ணின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவள் ட்ரவுட் மீனைக் கண்டவளும் அல்லள். அந்த ஆற்றின் குளிரை அறிந்தவளும் அல்லள். முதல் வீச்சிலேயே மரக்கிளையிற் சிக்கித் தொலைந்துபோகக்கூடிய ஒரு பொருளுக்காகத் தன் கண்ணின் ஒளியைச் செலவிடுகின்றாள்.

"கைவினைப் பொருள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். பொருளைப் போற்றுகின்றோம், கையை மறந்துவிடுகின்றோம். பாடசாலையிலே கணக்கிற் பின்தங்கியவளென ஒதுக்கப்பட்ட சிறுமியின் விரல்களிலே, எந்தத் தேர்விலும் அளக்கப்படாத இத்தகைய நுண்ணறிவு ஒளிந்திருக்கலாம். அதனைக் கண்டு மதித்து, உரிய பெயரும் ஊதியமும் அளிப்பது சமுதாயத்தின் கடன். பொய் ஈயைக் கண்டு ஏமாறுவது மீனின் இயல்பு; மெய்யான உழைப்பைக் காணாது விடுவது மனிதருக்கு அழகன்று.