ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டுக் கோயிலுக்கு வர்ணம் பூசினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டாமா?

"சாமி, ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்க்கலாம்?" என்று ஆண்டுதோறும் கேட்டு வருகிறீர்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். தென்காசி வட்டாரத்தில் தனியார் பள்ளிகளை விட்டால் வழி மூன்று. நகராட்சி நடுநிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஐ.சி.ஈஸ்வரன்பிள்ளை அரசு மேல்நிலைப் பள்ளி போன்ற பெரிய பள்ளி.

நடுநிலைப் பள்ளியில் கூட்டம் குறைவு. பிள்ளையின் பெயரும் வீடும் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எட்டாம் வகுப்போடு இடம் மாற வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வரை மாறத் தேவையில்லை. ஆனால் சின்னப் பிள்ளை பெருங்கூட்டத்தில் தனியாக நிற்கும். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? 2010 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அளவு வகுத்துள்ளது. "இந்த வகுப்புக்குக் கணக்கு நடத்துவது யார்?" என்று கேளுங்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையைப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. 2024-இல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் 7.5 சதவீதம் உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. திருச்சபை நடத்தும் பள்ளிகளும் அதில் அடக்கம். இதை மறைக்காமல் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முன்பு வேறொரு பங்கில் கூலி வேலை செய்த தகப்பனார் ஒருவர் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டார். கட்டடத்தையும் சீருடையையும் மனத்தில் வைத்து ஒரு தனியார் பள்ளியைக் காட்டினோம். மூன்று ஆண்டுகள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டு, மகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார். அவள் நன்றாகப் படித்துக் கல்லூரிக்குப் போனபோது, அந்த மூன்று ஆண்டுகளால் மாதம் 1000 ரூபாய் கிடைக்காமல் போயிற்று. அன்று அத்திட்டம் இல்லை என்று நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், "உம்மால் கட்ட முடியுமா?" என்று நாம் கேட்கவே இல்லையே! அது இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே இனி யார் கேட்டாலும் ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி அனுப்ப மாட்டோம். உங்கள் வீட்டு நிலைமையைக் கேட்போம். அருகிலுள்ள அரசுப் பள்ளி குறையுடையதானால் அதை விட்டு ஓடுவது மட்டுமே வழியல்ல. அதன் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கே. மொத்தத்தில் பாதி பெண்களுக்கு. தாய்மார்களே, அங்கே போய் உட்காருங்கள். கோயில் கணக்கைக் கேட்கும் அதே உரிமையோடு பள்ளிக் கணக்கையும் கேளுங்கள்.

பணக்காரர் பிள்ளைக்கு ஒரு பள்ளி சரிப்படாவிட்டால் இன்னொன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. நிதானித்து முடிவு செய்யுங்கள்.