ஆடுறது நாம, விக்கிறது யாரு?

(ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விளையாட்டைப் பற்றிப் பேசப்போறேன்னதும், 'தலித் அரங்கில் இதுக்கு என்ன வேலை'ன்னு சிலர் கேட்டாங்க. விளையாட்டு அரசியலுக்கு வெளியே இருக்கிறது என்பது ஆதிக்க சாதிகளுக்குச் சௌகரியமான கற்பிதம். யார் யாரோடு ஆடலாம், அணிகளை யார் பிரிப்பது, ஆட்டத்தைக் காட்டி வருகிற காசு யாருக்கு? மூன்றும் அதிகாரம் பற்றிய கேள்விகள்.

பம்பாயில் 1912 முதல் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதவாரியாக நான்கு அணிகள் கிரிக்கெட் ஆடின. 'இந்து' அணிக்குப் பந்து வீசியவர் சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். விக்கெட் வேணும்னா அவர் இந்து, தலைமைன்னு வந்தா தீண்டத்தகாதவர். அவரை அணித் தலைவராக நியமிக்கவே இல்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைத்தது. அதே பாலுவை 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது காங்கிரஸ். அம்பேத்கர் ஜெயித்தார். ஆடுகிறவனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை ஆடாதவன் முடிவு செய்கிறான்.

அமெரிக்காவுக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே கல்லூரிகள் வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. 1984-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தொலைக்காட்சி உரிமையை மைய அமைப்பின் பிடியிலிருந்து விடுவித்தது. அதன்பிறகு காசு எங்கே அதிகமோ அங்கே கல்லூரிகள் தாவின. மேற்குக் கரையின் பழைய கூட்டமைப்பில் இருந்த 12 கல்லூரிகளில் 10 கல்லூரிகள் 2024-ல் வெளியேற, இரண்டே மிஞ்சின. களத்தில் வேர்வை சிந்துகிறவர்களில் பெருமளவு கறுப்பின மாணவர்கள். தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவே 2021 வரை அவர்களுக்குத் தடை. வருமானத்தில் நேரடிப் பங்கு, வழக்காடிய பிறகு 2025-ல்தான் வந்தது.

இங்கே? 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்புத் தகராறு உச்சநீதிமன்றம் போனது. 1995-ல் தீர்ப்பு: அலைவரிசை பொதுச்சொத்து. நல்ல வார்த்தை. ஊர்ப் பொதுக்கிணறும் பொதுச்சொத்துதான். நாம் அதில் வாளி விட்ட கதை நமக்குத் தெரியும்.

நம்ம ஆட்டம் கபடி. ஷூ வேணாம், மட்டை வேணாம், மண் போதும். அதனாலேயே சேரியில் அது வளர்ந்தது. புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. அதை நடத்தும் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை 2015-ல் ஸ்டார் வாங்கியது. 2021-ல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை ஏலம் போனது, சுமார் 908 கோடி ரூபாய்க்கு. எடுத்தவரும் ஸ்டார்தான். வங்கியில் பற்று வரவு எழுதுகிறவன் நான். ஒரே வீட்டுக்காரர் விற்று வாங்குகிற கணக்கு எனக்குப் புரிகிறது. அதில் கபடி தோன்றிய மண்ணுக்கு எந்தப் பத்தியில் வரவு?

இராசபாளையத்தில் மில் ஷிப்ட் முடிச்சு வந்து ராத்திரி பயிற்சி எடுக்கிற பையன்கள் இருக்காங்க. நம்ம தெரு அணியை நோட்டீஸ்லயே போடாத போட்டிகள் உண்டு. கேட்டா 'சட்டம் ஒழுங்கு'ம்பாங்க. சேர்த்துக்கிட்ட இடத்திலோ, யாரோ கேமரா வைச்சு யூடியூப்ல போடுறான். விளம்பரக் காசு அவனுக்கு, முட்டி உடைஞ்சா செலவு நமக்கு.

மாணவத் தோழர்களே, நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த அடிப்படையில் அணிகளைச் சேர்த்தீர்கள்? யார் படம் பிடிக்கிறார், எங்களுக்கு என்ன பங்கு? காயம் பட்டால் யார் பொறுப்பு? ஒரு அணி மட்டும் கேட்டால் விரட்டுவார்கள். பத்து அணி சேர்ந்து கேட்டால் விரட்டிவிட்டு யாரை வைத்து ஆட்டம் நடத்துவார்கள்?

கோடு கிழிக்கிற உரிமையும் நமக்கு வேணும். அதுவரைக்கும் கோப்பை வாங்குவது மட்டும் வெற்றி ஆகாது.