அணுக்கருவின் சாட்சியம்



அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்பதை ஆய்வகத்தில் நாம் என்.எம்.ஆர். என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவியிலும் வேதியியல் துறைக் கூடங்களிலும் இயங்குவது இதே இயற்பியல்தான். ஆனால் காந்தத்தன்மையோ மீக்கடத்துத்திறனோ கொண்ட ஒரு திண்மத்துக்குள் இதைக் கொண்டுசெல்லும்போது அணுக்கருவின் வேலை மாறிவிடுகிறது. அங்கே அது தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. தன்னைச் சூழ்ந்த எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று சாட்சி சொல்கிறது.

மின்தடையும் வெப்ப ஏற்புத்திறனும் மாதிரி முழுவதற்கும் சேர்த்து ஒரே விடையைத் தருபவை. என்.எம்.ஆர். அப்படியல்ல. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் செம்பைத் தனியாக, ஆக்சிஜனைத் தனியாக, இட்ரியத்தைத் தனியாக விசாரிக்கலாம். ஊர் நிலவரத்தை அந்தந்தத் தெருவில் குடியிருப்பவரிடமே கேட்டறிவதைப் போன்றது இது. கிடைக்கும் விடைகளில் தலையாயவை இரண்டு. ஒத்திசைவு அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது ஒன்று. கிளறப்பட்ட அணுக்கரு எவ்வளவு நேரத்தில் சமநிலைக்குத் திரும்புகிறது என்பது மற்றொன்று.

முதலாவதை 1949-இல் வால்டர் நைட் கண்டார். செம்பு உலோகத்தில் ஒத்திசைவு அதிர்வெண், செம்புக் குளோரைடில் இருப்பதைவிட ஏறத்தாழ 0.23 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கடத்து எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் வெளிக் காந்தப்புலத்தில் சற்றே ஒருபக்கம் சாய்வதால் அணுக்கரு உணரும் கூடுதல் புலம் அது. இன்று அதை நைட் பெயர்ச்சி என்கிறோம். பத்து ஆண்டுகள் கழித்து, 1959-இல், கோசார்டும் போர்டிஸும் வெளிக் காந்தமே இல்லாமல் கோபால்ட் உலோகத்தில் 213 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒத்திசைவைக் கண்டார்கள். கோபால்ட் அணுக்கரு இருக்குமிடத்தில் 20 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட உட்புலம் நிலவுவதை அந்த ஓர் அதிர்வெண் காட்டிக்கொடுத்தது. காந்தவியலில் இதற்கு இணையான நேரடிச் சான்று வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதை, அதாவது அணுக்கரு சமநிலைக்குத் தளரும் நேரத்தை, மீக்கடத்தியில் அளப்பது கடினம். அது காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். புலம் இல்லாமல் வழக்கமான முறையில் ஒத்திசைவு கிடைக்காது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெபலும் ஸ்லிக்டரும் அலுமினியத்தை வைத்து ஒரு வழி கண்டார்கள். புலத்தை நீக்கி, மாதிரியை மீக்கடத்து நிலைக்குப் போகவிட்டு, அங்கே அணுக்கருக்கள் சிறிது நேரம் தளர விட்டார்கள். பிறகு புலத்தை மீண்டும் ஏற்றி, இயல்பு நிலையில் அளந்தார்கள். மாறுநிலை வெப்பநிலையான 1.2 கெல்வினுக்குச் சற்றுக் கீழே தளர்வு வேகம் குறையும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. அது கூடியது! அதே இடத்தில் மீயொலி உறிஞ்சலோ சட்டென்று விழுகிறது. எலெக்ட்ரான்களைத் தனித்தனியாக எண்ணும் எந்தக் கணக்கும் இந்த இரண்டையும் ஒருசேர விளக்காது. அவை இணைகளாகச் சேர்ந்திருக்கின்றன என்று அதே பல்கலைக்கழகத்தில் பார்டீன், கூப்பர், ஸ்ரீஃபர் 1957-இல் முன்வைத்த கோட்பாடு விளக்கியது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் 0.93 கெல்வினில் மீக்கடத்தியாகும் என்பதை மயேனோ குழுவினர் 1994-இல் அறிவித்தார்கள். இணையும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால், குளிரக் குளிர நைட் பெயர்ச்சியின் தற்சுழற்சிப் பங்கு குறைந்துகொண்டே போக வேண்டும். 1998-இல் இஷிதாவும் உடனாய்வாளர்களும் ஆக்சிஜன்-17 அணுக்கருவைக் கொண்டு அளந்தபோது அது குறையவில்லை. ஆகவே தற்சுழற்சிகள் ஒரே திசையில் இணைகின்றன, இது மும்மை நிலை மீக்கடத்தி என்ற முடிவு எழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது பாடநூல் செய்தியாகவே நின்றது.

2019-இல் புஸ்டோகோவும் கலிஃபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிரவுன் குழுவினரும் அதே அளவீட்டை, ரேடியோ அலைத் துடிப்பின் ஆற்றலை மிகவும் குறைத்துச் செய்து பார்த்தார்கள். பெயர்ச்சி தெளிவாகக் குறைந்தது. நல்ல கடத்தியான அந்தப் படிகத்தில் வழக்கமான துடிப்பு சுழல் மின்னோட்டங்களை எழுப்பி, எலெக்ட்ரான்களை ஒரு கணம் மீக்கடத்து நிலையிலிருந்தே வெளியேற்றியிருக்கிறது. வெப்பமானி குளிரைக் காட்டிக்கொண்டிருக்க, அணுக்கரு இயல்பு உலோகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்கிறது. சாட்சி பொய் சொல்லவில்லை. நாம் உரக்கக் கேட்டதில் சூழல் மாறிவிட்டது. அடுத்த ஆண்டே இஷிதா, மயேனோ குழுவினர் தாமே மறுபடி அளந்து, துடிப்பின் சூட்டையும் பெயர்ச்சியின் குறைவையும் உறுதிசெய்து வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் போற்றும் செயல்களுள் அது ஒன்று.

நம் நாட்டிலும் இந்த மரபுக்கு ஆழமான வேர் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உலோகக் கலவைகளை என்.எம்.ஆர். மூலம் ஆராய்ந்த விஜயராகவன், 1994-இல் இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் கலவையில் 12 கெல்வின் அளவில் மீக்கடத்தலை அறிவித்த குழுவிலும் இருந்தார். புதிய பொருளைச் செய்பவரும் அதன் உள்ளே கேட்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் பயன் அது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் இவ்விருவரும் பிரிந்து கிடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த அவையில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். பெயர்ச்சி வரைபடத்தோடு துடிப்பின் ஆற்றலையும், அதைப் பாதியாக்கினால் முடிவு மாறுகிறதா என்பதையும் சேர்த்தே காட்டுங்கள். மாதிரியின் தரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். யுரேனியம் டைடெல்லுரைடில் ஒரு படிக அச்சின் வழியே முதலில் மாறாமல் தெரிந்த டெல்லூரிய நைட் பெயர்ச்சி, 2.1 கெல்வினில் மீக்கடத்தும் தூய படிகங்களில் பெரிதும் குறைவதாக 2023-இல் அறிந்தோம். அங்கே எலெக்ட்ரான்கள் எந்த வகையில் இணைகின்றன என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நம் முதல் அமர்வு அந்தப் பொருளைப் பற்றியது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.